காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில இருக்கிறவர்



இந்தக் கிழமை எபிசோடில முழுக்க மின்சாரக் கார் பற்றரிகளைப் பற்றித்தான் கதைத்தோம். ஆனால் வந்த வொய்ஸ் நோட்டுகளில கனபேர் கேட்டது வேற: "அண்ணா, அம்மாட கார் சிவப்பு லைட்டில நிண்டா நடுங்குது, சில நேரம் ஓஃப் ஆகுது. த்ரோட்டில் பொடி மாத்தோணும் எண்டு கராஜில சொல்லுகினம். மெய்யா?" எங்களில் பெரும்பாலான ஆக்களின் வீட்டு வாசலில் நிற்பது இன்னும் பெற்றோல் கார்தான். அதனால இந்தக் கடிதம் அதைப் பற்றி.

என்ர கருத்தை முதலே சொல்லிவிடுறன். கலியாண வீட்டுப் பார்க்கிங்கில நிண்டு மாமாமார் கதைக்கும்போது ஒரு வசனம் கட்டாயம் வரும்: "இப்பத்தைய காரெல்லாம் கொம்பியூட்டர், தம்பி. கையால ஒண்டும் செய்யேலாது." முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நான் ஏற்கமாட்டன். கொம்பியூட்டர் வந்தது நல்லதுக்குத்தான். அது சொல்லுறதைக் கேட்கவும், அதுக்கு ஒரு விசயத்தைத் திருப்பிச் சொல்லவும் ஆருக்கு அனுமதி இருக்கு என்பதிலதான் எனக்குக் கோபம். அதைக் காட்ட த்ரோட்டிலை விட நல்ல உதாரணம் காரில இல்லை.

பெடலை மிதித்தால் பெற்றோல் கூடப் போகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். இங்க அதுக்குப் பெயரே காஸ் பெடல். உண்மையில் பெற்றோல் எஞ்சினில உங்கட கால் திறப்பது காற்றின் கதவை. எஞ்சினுக்குக் காற்றுப் போகிற குழாயின் வாயில ஒரு வட்டத் தகடு, அதன் நடுவால ஒரு அச்சு. தகடு திரும்பினால் வழி திறக்கும், திரும்பி வந்தால் மூடும். வண்ணத்துப்பூச்சி வால்வு என்று இதுக்கு ஒரு அழகான பெயர் இருக்கு. அது இருக்கிற அலுமினியக் கூடுதான் த்ரோட்டில் பொடி. உள்ள எவ்வளவு காற்று வந்தது என்று ஒரு சென்சர் அளந்து சொல்ல, எஞ்சின் கொம்பியூட்டர் அதுக்கேற்ற அளவு பெற்றோலை விசிறும்: ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று. காற்று முன்னால போகும், பெற்றோல் பின்னால வரும்.

பெற்றோல் எஞ்சின் என்பது எப்பவும் மூச்சுக்குத் தவிக்கிற ஒரு பம்ப். பிஸ்டன்கள் இழுக்கும், த்ரோட்டில் விடாது. அதனால த்ரோட்டிலுக்கும் பிஸ்டனுக்கும் இடையில அழுத்தம் நல்லாக் குறைஞ்சு, உறிஞ்சுகிற ஒரு இழுவை இருந்துகொண்டே இருக்கும். (பல கார்களில பிரேக் பெடல் காலுக்கு இலகுவா இருப்பது இந்த இழுவையின் உதவியால. இதை ஞாபகம் வையுங்கோ, பிறகு தேவைப்படும்.) டீசல் எஞ்சின் வேற சாதி. அங்க வேகத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் விசிறுகிறோம் என்பதுதான்.

காலை எடுத்தால் தகடு மூடும், ஆனால் முழுக்க மூடாது. முழுக்க மூடினால் எஞ்சின் நிண்டுபோகும். சிவப்பு லைட்டில நிற்கிற ஒரு 2 லீற்றர் எஞ்சின் செக்கனுக்கு இழுப்பது இரண்டு, மூன்று கிராம் காற்றுத்தான். அந்த மெல்லிய இடைவெளியால அவ்வளவு காற்று வந்தால் சூடான எஞ்சின் 600க்கும் 800க்கும் இடையில ஆர்.பி.எம் காட்டி அமைதியா இருக்கும். உங்கட வொய்ஸ் நோட்டுகளில இருந்த முறைப்பாடுகளில முக்கால்வாசி அந்த இடைவெளிக்குள்ளதான் நடக்குது.

பழைய கார்களில பெடலுக்கும் தகட்டுக்கும் இடையில ஒரு இரும்புக் கேபிள், சைக்கிள் பிரேக்கில இருக்கிற மாதிரி. கால் எவ்வளவோ தகடும் அவ்வளவு. மாமாமார் ஏங்குவது அந்தக் கேபிளுக்குத்தான், ஏங்கக் காரணமும் இருக்கு. 1990களில பொருளாதாரத் தடையால யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவினம். அப்பாவிட்ட, பெரியப்பாவிட்டக் கேட்டுப் பாருங்கோ, அந்தப் புகை மணத்தையும் சேர்த்துச் சொல்லுவினம். காபரேட்டருக்கு உள்ளுக்கு வருகிற திரவம் என்னவென்று தெரியாது. ஆர் வேணுமெண்டாலும் திறக்கலாம், ஏமாற்றலாம், ஓட வைக்கலாம்.

அந்தக் கெட்டித்தனத்துக்கு என்ர மரியாதை எப்பவும் இருக்கும். ஆனால் அந்த எஞ்சினை ஸ்காபரோவில மைனஸ் 20இல காலமை ஆறு மணிக்கு வேலைக்குப் போக ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ. ஏக்கம் பத்து நிமிசத்தில தீர்ந்துவிடும்.

இப்பத்தைய காரில கேபிள் இல்லை. 1997இல வந்த கோர்வெட்டில இல்லை, அதுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குள்ள சாதாரண குடும்பக் கார்களிலயும் இல்லாமல் போச்சு. பெடலுக்குக் கீழ இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் சென்சரும்தான். நீங்கள் மிதித்தால் "இவருக்கு இவ்வளவு வேணுமாம்" என்று ஒரு வோல்டேஜ் கொம்பியூட்டருக்குப் போகும். கொம்பியூட்டர் எஞ்சினின் சூடு, ஏசி, கியர், சில்லு வழுக்குதா இல்லையா என்று எல்லாத்தையும் பார்த்து, பிறகு த்ரோட்டில் பொடியில இருக்கிற ஒரு சின்ன மோட்டாருக்குச் சொல்லித் தகட்டைத் திருப்பும். நீங்கள் கேட்டதைவிடக் குறைவாவும் திறக்கும். பனி ரோட்டில உங்கட கார் சுழன்று டிச்சுக்குள்ள போகாமல் இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதில எனக்குப் பிடித்தது அதன் சந்தேக குணம். பெடலில ஒரு சென்சர் இல்லை, குறைந்தது இரண்டு. இரண்டும் வேற வேற வோல்டேஜ் அளவில ஒரே செய்தியைச் சொல்லவேணும். தகட்டிலும் அதே மாதிரி இரண்டு. ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் கொம்பியூட்டர் இரண்டையும் நம்பாது. மோட்டாருக்கு வருகிற மின்சாரத்தை வெட்டிவிடும், ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சமாத் திறந்த ஒரு இடத்தில கொண்டுவந்து வைக்கும். கார் ஊர்ந்து ஊர்ந்து ஓரத்துக்குப் போக அது போதும், 401இல ஓட அது போதாது. இதைத்தான் லிம்ப் மோட் என்கிறார்கள். ஃபோர்ட்டில ஒரு ஸ்பானர் படம் எரியும், ஃபோக்ஸ்வாகனில ஈ.பி.சி என்ற எழுத்து, கிறைஸ்லரில ஒரு சிவப்பு மின்னல். அந்த நேரம் "கார் பழுதாப் போச்சு" என்று தோன்றும். கார் தன்ர வேலையைச் சரியாச் செய்திருக்கு என்பதுதான் உண்மை.

இனி பழுதுகள். மிகச் சாதாரணமானது கரி. எஞ்சினுக்குள்ள இருந்து திரும்பி வருகிற எண்ணெய் ஆவி வருசக்கணக்காத் தகட்டின் விளிம்பில படிஞ்சு, அந்த மெல்லிய இடைவெளியை அடைக்கும். ஓடும்போது தெரியாது, ஏனெண்டால் தகடு அகலத் திறந்திருக்கும். நிற்கும்போதுதான் மூச்சு முட்டும். அதிலும் ஏசி போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, இடதுபக்கம் திரும்பக் காத்திருக்கிற நேரம் எஞ்சினில பாரம் ஏறும், ஆர்.பி.எம் விழும், சில நேரம் நிண்டே போகும். எதிரில மூன்று லேன் வாகனம் வருகிற சந்தியில அது சின்ன விசயம் இல்லை.

போன விண்டரில அக்காட காருக்கு இதுதான் நடந்தது. ஒன்பது வருசக் கார். டீலர் ஒருவர் புது த்ரோட்டில் பொடி, வேலைக்கூலி, "புரோகிராமிங்" எல்லாம் சேர்த்து 1,400 டொலருக்கு எஸ்டிமேட் எழுதித் தந்தார். என்ன கோட் வந்தது என்று அக்கா கேட்டா. "சிஸ்டத்தில காட்டுது" என்றதுக்கு மேல பதில் இல்லை. பிறகு எங்கட ஆள் ஒருவரின் சின்னக் கராஜுக்குக் கொண்டுபோனோம். அவர் காற்றுக் குழாயைக் கழற்றி டோர்ச் அடித்துக் காட்டினார்: தகட்டைச் சுற்றித் தார் பூசின மாதிரி ஒரு கறுப்பு வளையம். த்ரோட்டில் பொடிக்கென்று விற்கிற ஸ்பிரே, ஒரு துணி, இருபது நிமிசம். சாதாரண காபரேட்டர் ஸ்பிரே பாவிக்கமாட்டன் என்றார், சில தகடுகளில இருக்கிற பூச்சை அது கரைக்குமாம். சாவி போட்டிருக்கும்போது விரலை உள்ள விடவேண்டாம் என்றும் சொன்னார். மோட்டார் தகட்டை இழுத்து மூடினால் விரல் உள்ளதான் இருக்கும்.

ஸ்ராட் பண்ணினால் எஞ்சின் 1,500 ஆர்.பி.எம்மில நிற்குது! அக்காட முகம் போன போக்கைப் பார்க்கவேணும்.

இது பழுதில்லை. கரி படியப் படிய, கொம்பியூட்டர் ஒவ்வொரு மாதமும் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூடத் திறந்து சமாளிக்கப் பழகியிருந்தது. இப்ப கரி இல்லை, பழக்கம் மட்டும் இருக்கு. "பழசை மறந்து புதுசாப் பழகு" என்று அதுக்கு ஆராவது சொல்லவேணும். சில கார்கள் இரண்டு, மூன்று நாள் ஓட்டத் தானாப் பழகிவிடும். நிஸான் தன்ர சேர்விஸ் புத்தகத்திலயே கருவி இல்லாமல் செய்கிற வழி ஒன்றைப் போட்டிருக்கு: செக்கன் எண்ணி எண்ணிப் பெடலை மிதித்து விடுகிற ஒரு சின்ன நடனம். அக்காட காரில அப்படி ஒன்றும் இல்லை, கொம்பனி மென்பொருள்தான் வேணும். கராஜ்காரர் அதுக்குச் சந்தா கட்டுகிற ஒரு நண்பரிட்டக் காரை அனுப்பினார். பில் 160 டொலர்: கிளீன் பண்ணினதுக்கு 60, கொம்பியூட்டரோட ஐந்து நிமிசம் கதைத்ததுக்கு 100. 1,400ஓட பார்த்தால் லாபம்தான். ஆனாலும் அந்த 100 எனக்கு இன்னும் உறுத்துது. அக்கா காசு கட்டி வாங்கின காருக்கு "நீ இப்ப சுத்தமா இருக்கிறாய்" என்று சொல்ல ஏன் இன்னொருவரிட்ட அனுமதி வாங்கவேணும்?

மற்றப் பழுதுகளைச் சுருக்கமாச் சொல்லுறன். ஆர்.பி.எம் தானா உயர்ந்து நிற்குது என்றால் முதலில காற்றுக் குழாயில வெடிப்பு இருக்கா, ஏதும் ரப்பர் ஹோஸ் கழன்றிருக்கா என்று பாருங்கோ. அளக்காத காற்று பின்வாசலால வருகுது என்று அர்த்தம், அப்ப பி0507, பி0171 மாதிரிக் கோடுகள் வரும். விண்டர் காலமையில முதல் ஒரு நிமிசம் 1,200, 1,500 காட்டினால் பயப்படவேண்டாம், குளிர் எஞ்சின் அப்படித்தான். பி2135 என்றால் தகட்டின் இரண்டு சென்சர்களும் ஒத்துப்போகேல்லை. பி2138 என்றால் பெடலின் சென்சர்கள். இந்த இரண்டிலும் பொடியையோ பெடலையோ மாற்றுவதுக்கு முதல் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கவேணும். ரோட்டில கொட்டுகிற உப்புத் தண்ணி அந்தச் செப்புக் கால்களைப் பச்சையாக்கி வைத்திருக்கும். கோட் என்பது தீர்ப்பில்லை, முறைப்பாடு. பி2135 "சென்சர்கள் சண்டை" என்று மட்டும்தான் சொல்லும். சண்டைக்குக் காரணம் சென்சரா வயரா என்று கண்டுபிடிக்கிறதுக்குத்தான் மெக்கானிக்குக் காசு குடுக்கிறோம்.

இதெல்லாம் சில்லறைக் காசுப் பிரச்சினை என்று நினைக்கிறீங்கள் என்றால், டொயோட்டா கதையைப் பாருங்கோ. 2009 ஓகஸ்டில கலிபோர்னியாவில, சான் டியாகோவுக்குப் பக்கத்தில, ஒரு லெக்சஸ் ஈ.எஸ் 350 நிற்காமல் ஓடி நாலு பேர் செத்தார்கள். ஓட்டினவர் நெடுஞ்சாலைப் பொலிஸ்காரர், ஓட்டத் தெரியாதவர் இல்லை. வேற மொடலின் மிதியடி பெடலைப் பிடித்து வைத்திருந்தது. அதைத் தொடர்ந்து மில்லியன் கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தார்கள், மிதியடிக்கும், ஒட்டிக்கொள்கிற பெடலுக்கும். மென்பொருளிலயும் பிழை இருக்கா என்ற கேள்வி எழுந்தது. நாசா பொறியியலாளர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். த்ரோட்டிலைத் தானா அகலத் திறக்கிற மின்னணுக் காரணம் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று 2011 பெப்ரவரியில அறிக்கை வந்தது. 2013இல ஒக்லஹோமாவில வேற ஒரு விபத்து வழக்கு. அதில நிபுணர்கள் பூட்டின அறைக்குள்ள இருந்து அந்தக் கோடை மாதக்கணக்கா வாசித்துவிட்டு மோசமான குறைகள் இருக்கு என்று சாட்சி சொல்ல, ஜூரி கொம்பனிக்கு எதிராத் தீர்ப்புக் குடுத்தது. அடுத்த வருசம், மிதியடியையும் பெடலையும் பற்றி மக்களுக்குச் சரியாச் சொல்லாமல் விட்டதுக்காக அமெரிக்க அரசுக்கு 1.2 பில்லியன் டொலர் கட்ட டொயோட்டா ஒத்துக்கொண்டது.

மென்பொருள் குற்றவாளியா இல்லையா என்று நான் இங்க தீர்க்கப் போறதில்லை. எனக்கு முக்கியமானது வேற ஒரு விசயம். அந்தக் கார்களில விபத்துக்குச் சற்று முதல் பெடல், பிரேக் எப்படி இருந்தன என்று பதிகிற ஒரு பெட்டி இருந்தது. 2010இல, அதை வாசிக்கக்கூடிய லாப்டொப் அமெரிக்கா முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கு என்று கொம்பனியே சொன்னது. காரில ஆக்கள் சாகினம், என்ன நடந்தது என்று கார் எழுதி வைத்திருக்கு, வாசிக்கிற கருவி செய்தவனின் கையில. அக்காட 100 டொலரும் இந்த ஒற்றை லாப்டொப்பும் எனக்கு ஒரே வியாதியாத்தான் தெரியுது.

(அப்படி ஒரு நாளும் நடக்கக்கூடாது. நடந்தால்: பிரேக்கை ஒரேயடியா, பலமா மிதித்து வைத்திருங்கோ, விட்டு விட்டு மிதிக்கவேண்டாம். த்ரோட்டில் அகலத் திறந்திருந்தால் முன்னம் சொன்ன இழுவை இருக்காது. ஒவ்வொரு முறை விட்டு மிதிக்கும்போதும் மிச்சமிருக்கிற பிரேக் உதவி குறையும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கோ. எஞ்சின் அலறும், அலறட்டும். கார் நிண்ட பிறகு ஓஃப் பண்ணுங்கோ. பட்டன் ஸ்ராட் காரில ஓடும்போது ஒரு தட்டுத் தட்டினால் ஓஃப் ஆகாது. பல மொடல்களில சில செக்கன் அழுத்திப் பிடிக்கவேணும். இதை அம்மாவுக்கும் ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ.)

கொம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் இருக்கு, மறைக்கமாட்டன். 2015இல இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியைத் தூரத்தில இருந்தே இன்டர்நெட் வழியாக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதுக்குப் பிறகு 14 லட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தார்கள். 2018 மொடல்களில இருந்து அந்தக் குழுமம் கார்களுக்குள்ள ஒரு பாதுகாப்பு வாசல் வைத்தது: கோட் வாசிக்கலாம், ஆனால் கட்டளை அனுப்பப் பதிவு செய்த கருவி வேணும். பூட்டு இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லேல்லை. த்ரோட்டிலைத் திருப்புகிற கொம்பியூட்டருக்குப் பூட்டு இல்லாமல் விட்டால் அது முட்டாள்தனம். வீட்டுக்காரருக்கும் ஒரு திறப்பு குடுங்கோ என்றுதான் கேட்கிறன். வங்கிக் கணக்கைக்கூட நாங்கள் போனில இருந்து பாதுகாப்பாத் திறக்கிறோம். ஐடில் அளவைப் பழக்குகிறது அதைவிட ஆபத்தான விசயமா?

கனடாவில 2009இல இருந்து கார் கொம்பனிகளும் வெளிக் கராஜ்களும் திருத்துகிற தகவலைப் பகிர ஒரு ஒப்பந்தம் இருக்கு, ஆனால் அது அவர்களாக விரும்பிச் செய்தது, சட்டமில்லை. 2024 நவம்பரில சி-244 என்ற மசோதா சட்டமாச்சு: திருத்துவதுக்காக டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இனிப் பதிப்புரிமைக் குற்றமில்லை. நல்லது. ஆனால் பூட்டை உடைக்கலாம் என்று சொல்லுகிற சட்டம், திறப்பைக் குடு என்று கொம்பனிக்குச் சொல்லேல்லை. எங்கட சின்னக் கராஜ்காரரால மென்பொருள் பூட்டை உடைக்கேலுமா? அமெரிக்காவின் மசாசூசெட்ஸில 2020இல வாக்கெடுப்பு வைத்து, கார் வயர்லெஸ்ஸாக அனுப்புகிற தகவலும் சொந்தக்காரருக்கும் அவர் காட்டுகிற கராஜுக்கும் கிடைக்கவேணும் என்று ஏறக்குறைய நாலில மூன்று பங்கு மக்கள் சொன்னார்கள். கொம்பனிகள் கோர்ட்டுக்குப் போயின. அங்க அவ்வளவு இழுபறி என்றால் இங்க சும்மா கிடைக்காது. உங்கட எம்.பி கடை திறப்பு விழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் வேட்டி கட்டிக்கொண்டு வருவார் தானே, அப்ப இதைக் கேளுங்கோ. செல்ஃபிக்கு முன்னமோ பின்னமோ.

அதுவரைக்கும் கையில இருக்கிறதைப் பாவிப்பம். கனடாவில 1998 மொடலில இருந்து எல்லாப் பெற்றோல் காரிலும் ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு ஓ.பி.டி சொக்கெட் இருக்கு. முப்பது நாப்பது டொலருக்கு ஒரு புளூடூத் ரீடர் வாங்கிச் செருகினால் போனில கோட் தெரியும். அம்மா அப்பாவோட கராஜுக்கு மொழிபெயர்க்கப் போறது எப்பிடியும் நீங்கள்தான். போக முதல் கோடைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கோ. த்ரோட்டில் பொடி மாற்றவேணும் என்றால் மூன்று கேள்வி கேளுங்கோ: என்ன கோட்? கிளீன் பண்ணிப் பார்த்தீங்களா? கனெக்டரையும் வயரையும் செக் பண்ணினீங்களா? நல்ல மெக்கானிக் இதுக்குக் கோவிக்கமாட்டார், கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்.

ரீடர் வந்ததும் ஒரு சின்ன விளையாட்டு. எஞ்சினை ஓஃபில வைத்து, சாவியை மட்டும் போட்டு, அப்பில பெடல் எண்ணையும் த்ரோட்டில் எண்ணையும் பக்கத்தில பக்கத்தில திறவுங்கோ. காலை வைக்காமலே த்ரோட்டில் 12, 15 வீதம் என்று காட்டலாம், அது பழுதில்லை, பல கார்களில சென்சரின் எண் பூச்சியத்தில தொடங்குறதில்லை. பிறகு மெதுவா மிதியுங்கோ. இரண்டு எண்ணும் ஒரே மாதிரி ஏறாது. நீங்கள் கேட்கிறதும் அவர் குடுக்கிறதும் எங்க எங்க விலகுது என்று ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கார் மொடலையும் வருசத்தையும் எழுதி அனுப்புங்கோ. லைசன்ஸ் பிளேட் வேண்டாம். அடுத்த எபிசோடில எங்கட கராஜ்காரரைக் கூப்பிட்டு வைத்து ஒவ்வொன்றாப் பார்ப்பம்.